நாயின் கண் உயரத்தில்

சாத்தூரில் நான்கு வழிச்சாலையை விட்டு மேற்கே இறங்கினால் இருபுறமும் கரிசல். பருத்தி, சோளம், மக்காச்சோளம். நடுநடுவே தீப்பெட்டி ஆலை, பட்டாசு ஆலை. மிச்ச இடமெல்லாம் சீமைக்கருவேலம். இந்தப் பக்கத்தில்தான் சிப்பிப்பாறை இருக்கிறது. அங்கிருந்து மலையைப் பார்த்தே போனால் இராஜபாளையம். பிறகு மலையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு திருவில்லிபுத்தூர், டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் என்று சுற்றித் தேனிக்குப் போய், உத்தமபாளையத்தில் மேற்கே திரும்பினால் கோம்பை. விடியுமுன் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். மூன்று ஊர்களும் தங்கள் பெயரை ஆளுக்கொரு நாயினத்துக்குக் கொடுத்திருக்கின்றன. கரிசல் காட்டில் சிப்பிப்பாறைக்கு உடன்பிறப்புப் போலிருக்கும் கன்னி நாயையும் சேர்த்தால் நான்கு. மாட்டுக்கு ஊர்ப் பெயர் உண்டு, மாம்பழத்துக்கு உண்டு, மல்லிகைக்கு உண்டு. நாய்க்கு ஊர்ப் பெயர் இத்தனை நெருக்கமாக அமைந்த வட்டாரம் அரிது.

இந்த ஊர்களைத் தேடி வருகிறவர் கையில் கேமராவோ, அது இல்லாவிட்டால் நல்ல செல்போனோ இருக்கிறது. குட்டி வாங்க வருகிறவர், வீட்டில் ஏற்கெனவே நாய் வளர்ப்பவர், வளர்க்க இடமில்லாமல் படமாவது எடுத்துப் போவோம் என்று வருகிறவர், எல்லோரும் படம் எடுக்கிறார்கள். 2005-இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அவற்றில் ஒன்று இராஜபாளையம். 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நான்கையும் பெயர் சொல்லிப் பேசினார். பெயர் பரவியிருக்கிறது; படமும் பரவுகிறது. ஆனால் வளர்ப்பது பொறுப்பு, படம் எடுப்பது விளையாட்டு என்று இரண்டையும் தனித்தனியாகவே பலர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பாதையை ஒரு தடவை முழுதாகக் கடந்தால் அந்தப் பிரிவு நிற்காது என்பது என் கருத்து. நாய்க்கு எது நல்லதோ அதுவே படத்துக்கும் நல்லது. படம் கெடுகிற இடத்தில் பெரும்பாலும் வளர்ப்பில் ஒரு குறை இருக்கும், அல்லது படம் எடுப்பவர் அந்த நாயிடம் ஏதோ தவறாக நடந்துகொண்டிருப்பார். வெயில், எலும்பு, காது, கண் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் வெயில். இந்த ஊர்களின் தலைக்கு நேர் மேலே சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது: சித்திரை பிறக்கும் நாட்களில் ஒன்று, ஆவணி நடுவில் ஒன்று. அந்தக் காலத்து நண்பகலில் எடுத்த படத்தில் நாயின் கண் இருக்காது. புருவ மேட்டின் நிழல் விழுந்து இரண்டு கருங்குழிகள்தான் தெரியும். வெளிர்நிற முதுகு வெந்த சுண்ணாம்பாக வெளுத்துப்போகும். அதே நேரத்தில் நாய்க்கு என்ன நடக்கிறது? நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்து மெத்தைகளில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். தார்ச்சாலையும் சிமெண்டுத் தளமும் கொதிக்கும்போது அந்த மெத்தைகளே வெந்துவிடும். புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயை அதில் நடத்தக் கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். வெயிலில் வாய் பிளந்து நிற்கும் நாயைப் பார்த்து ‘சிரிக்கிறது’ என்று மகிழ்ந்து படம் எடுப்பவர் உண்மையில் ஓர் அவதியைப் படம் எடுக்கிறார். சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் கரிசல் மண் குளிர்ந்திருக்கிறது. ஒளி பக்கவாட்டில் வந்து கண்ணுக்குள் விழுகிறது. நாய் வாயை மூடிக்கொண்டு, காதைத் தூக்கி, காற்றை முகர்ந்து நிற்கிறது. படத்துக்கு உகந்த நேரமும் நாய்க்கு உகந்த நேரமும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன. இந்தக் கட்டுரையின் வாதம் முழுவதையும் அந்த ஒரு மணி நேரமே தாங்கும்.

சிப்பிப்பாறை நாயை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் ‘சோறு போடுவதில்லையோ’ என்று கேட்பதுண்டு. ஒடுங்கி நீண்ட முகம், ஆழ்ந்த நெஞ்சு, மேலேறி ஒட்டிய வயிறு, தோலுக்கடியில் வரிவரியாக விலா, துருத்திய இடுப்பெலும்பு. பார்வையால் இரையைக் கண்டு துரத்துவதற்கென்று அமைந்த உடம்பு அது. கொழுப்பு ஏறினால் அதற்கு அது நோய். பட்டணத்தில் வளர்ப்பவர்களுக்கு இங்கேதான் இரண்டு விதக் கவலை. ஊரார் பேச்சுக்கு அஞ்சி அதிகமாகப் போட்டுப் பெருக்க வைப்பது ஒன்று. ‘இந்த இனமே இப்படித்தான்’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, குடற்புழுவாலும் உண்ணிக் காய்ச்சலாலும் நிஜமாகவே இளைக்கிற நாயைக் கவனிக்காமல் விடுவது மற்றொன்று. தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெல்ல நேரும் மாற்றம் புலப்படாது. மாதம் ஒரு முறை, ஒரே சுவருக்கு முன்னால், ஒரே தூரத்தில், நாயின் பக்கவாட்டில் நின்று எடுத்த படங்களை வரிசையாக வைத்தால் புலப்படும். இது கலைப்படம் ஆகாது. நாயின் முதுகுத்தண்டின் மேல்வரையும் வயிற்றின் கீழ்வரையும் தெளிவாகத் தெரிந்தால் போதும். ஆனால் இப்படி ஆறு மாதம் எடுத்தவர் தம்மையறியாமல் நல்ல படம் எடுக்கக் கற்றிருப்பார். நாய் நான்கு காலிலும் சமமாக நிற்கிறதா, ஒரு காலைத் தாங்குகிறதா என்று பார்க்கப் பழகிய கண்ணுக்கு, அது இயல்பாக நிற்கும் கணமும் பிடிபட்டுவிடும். கால்நடை மருந்தகத்தில் ‘எப்போதிலிருந்து இப்படி?’ என்று மருத்துவர் கேட்டால், தேதியிட்ட அந்தப் படங்கள் ஞாபகத்தைவிட நேர்மையான பதிலைத் தரும்.

இந்த இனத்தின் முழு அழகும் ஓட்டத்தில்தான், நிற்கும் படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1878-இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்துக் குதிரையின் ஓட்டத்தைப் பிடித்தபோது, நான்கு குளம்பும் தரையைவிட்டு எழும் கணம் ஒன்று உண்டு என்பது உறுதிப்பட்டது. அதுவரை ஓவியர்கள் கால்களை முன்னும் பின்னும் விரித்து வரைந்தது தவறு, கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கும்போதுதான் குதிரை காற்றில் இருக்கிறது என்பதும் தெரிந்தது. 1887-இல் அவர் வெளியிட்ட 781 படத்தகடுகளில் நாய்களும் உண்டு. வேட்டை நாயின் பாய்ச்சலில் இன்னொரு வியப்பு இருக்கிறது. குதிரை ஒரு சுற்றில் ஒரு முறை காற்றில் மிதந்தால், இது இரண்டு முறை மிதக்கிறது: உடம்பு சுருண்டு கால்கள் மடங்கும்போது ஒரு தடவை, வில்லை விட்ட அம்பாக உடம்பு நீளும்போது ஒரு தடவை. கண்ணுக்குப் பிடிபடாத இதை இன்று விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஒளியை அனுமதிக்கும் சாதாரணக் கேமரா பிடித்துவிடும். இதை விரும்பாத படக்காரர் யார்? ஆனால் அந்தப் படத்துக்காக முயலை விரட்டவிடுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டாலும், முயலுக்கு அது உயிர். வற்றிய கண்மாயின் களிமண் தரையில், வேலியும் சாலையும் இல்லாத இடத்தில், எதிர்முனையில் வளர்ப்பவர் நின்று கூப்பிட்டால் போதும். அந்த நாய் தன் ஆளிடம் ஓடி வருவதில் அதே இரட்டைப் பாய்ச்சல் இருக்கிறது, முகமும் கேமராவை நோக்கி இருக்கிறது. இரையைத் துரத்தும் நாயின் படத்தில் கிடைப்பது பெரும்பாலும் முதுகுதான். கூப்பிட்டால் வரும் பழக்கத்தைக் குட்டியிலிருந்து ஊட்டாதவருக்கு இந்தப் படம் வாய்க்காது. பழக்கியவருக்கு, ஏதோ ஒரு நாள் சங்கிலி கையிலிருந்து நழுவிச் சாலைப் பக்கம் நாய் பாயும்போது அதே பழக்கம் உயிர் காக்கும்.

கன்னி நாய் கருப்பு. புருவத்துக்கு மேலும் மார்பிலும் கால்களிலும் செம்பழுப்பு. பெயருக்குக் காரணமாக, மணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தது என்று ஒரு வழக்கு சொல்கிறார்கள். கருப்பு நாய் கரிசல் மண்ணில் நின்றால் கேமரா திணறிப்போகும். எதிரே உள்ளதையெல்லாம் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணி ஒளியை அளக்கும் கருவி அது. கருப்பைக் கண்டால் ‘இருட்டு’ என்று முடிவு கட்டி ஒளியைக் கூட்டிவிடும். நாய் சாயம் போன துணியாக வந்து நிற்கும். ஒளியை ஒரு படி குறைத்துக்கொள்வது பாதித் தீர்வு. மீதிப் பாதிக்கு, குனிய வேண்டும். நின்றபடி எடுத்தால் நாய்க்குப் பின்னால் மண்தான். உட்கார்ந்து நாயின் கண் உயரத்துக்குக் கேமராவை இறக்கினால் பின்னால் விடியற்கால வானம், நடுவே அந்தக் கூர்மையான தலையும் செம்பழுப்புப் புள்ளிகளும். அமெரிக்க ஒளிப்படக்காரர் எலியட் எர்விட் 1946-இல் நியூயார்க் தெருவில் எடுத்த ஒரு படத்தில் மனிதரின் கணுக்கால் மட்டும்தான் இருக்கிறது. பக்கத்தில் கம்பளிச் சட்டை போட்ட சின்னஞ்சிறு நாய் நம்மை நேராகப் பார்க்கிறது. தரையிலிருந்து உலகம் எப்படி இருக்கும் என்பதை அந்த ஒரு படம் காட்டிவிட்டது. குனிவதால் படம் மட்டும் மேம்படுவதில்லை. தலைக்கு மேல் நின்று நிழல் விழ நாயை உற்றுப் பார்ப்பது அதன் மொழியில் மிரட்டல். பக்கவாட்டாக உட்கார்ந்து, கண்ணை நேராகக் குத்தாமல், அது வந்து முகர்ந்து பார்க்க விடுவது வணக்கம் சொல்வதற்குச் சமம். லென்ஸும் ஒரு பெரிய கண்தான். அதை முகத்துக்கு நேரே நீட்டினால் நாய் திரும்பிக்கொள்வதில் ஆச்சரியமில்லை. இன்னொரு சின்னச் செய்தி: செல்போனின் அகன்ற லென்ஸை மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தால் நீள்முக நாயின் மூக்கு பூசணியாகவும் தலை புளியங்கொட்டையாகவும் வரும். நாய் விரும்பும் இடைவெளிக்கு விலகி, சற்று நெருக்கிக் காட்டும் லென்ஸில் எடுத்தால் முகம் முகமாக இருக்கும்.

மேற்கே போகும் வழியில் சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கிட்டங்கிகளின் எச்சரிக்கைப் பலகைகள் தொடர்ந்து வரும். நாய் வளர்ப்பவர்களுக்குத் தீபாவளி வாரம் ஆண்டின் மிகக் கடினமான வாரம். மனிதச் செவி 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிட, நாயின் செவி 45,000 வரை கேட்கும். நமக்கு வெடியாக இருப்பது அதற்கு இடி. கட்டிலுக்கடியில் ஒடுங்கும் நாய்களும், வேலி தாண்டி ஓடித் தொலையும் நாய்களும் அந்த வாரத்தில்தான் அதிகம். மத்தாப்பின் அருகில் நாயை நிறுத்திப் பண்டிகைப் படம் எடுக்கும் ஆசையை அந்த ஒரு வாரம் அடக்கலாம். அதற்குப் பதில், தீபாவளிக்கு முன்பே முகம், இரு பக்க உடம்பு, தனி அடையாளமான மச்சம் அல்லது தழும்பு தெரிய நான்கு தெளிவான படங்கள் எடுத்து வைப்பது நல்லது. நாய் தொலைந்தால் ஊராரிடம் காட்ட அதைவிடப் பயன்படும் படம் வேறில்லை.

இராஜபாளையம் வேறு உலகம். மலை அடிவாரம், சஞ்சீவி மலை, நூற்பாலைகள், பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெசவு, ஊரைச் சுற்றி மாந்தோப்பு. நாய் பால் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு, கண் பொன்னிறம். கன்னிக்குச் சொன்ன கணக்கை இங்கே தலைகீழாகப் போட வேண்டும். வெள்ளையைக் கண்ட கேமரா ‘வெளிச்சம் அதிகம்’ என்று குறைத்துவிடும், நாய் அழுக்குச் சாம்பலாக வரும். ஒளியை ஒரு படி கூட்டி, நேர் வெயிலைத் தவிர்த்து, வேப்பமர நிழலில் வைத்து எடுத்தால்தான் ஒவ்வொரு மயிரும் தெரியும். அந்த நிழல் நாய்க்கும் வேண்டும்: நிறமியில்லாத மூக்கும் மெல்லிய தோலும் வெயிலில் எளிதில் புண்ணாகும். நிறமி இல்லாமையின் இன்னொரு விளைவு கனமானது. உட்செவியில் நிறமி உயிரணுக்கள் இல்லாவிட்டால் ஒலியை உணரும் நுண்மயிர்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடுகின்றன. டால்மேஷன் உள்ளிட்ட பல வெள்ளை நாயினங்களில் காணும் பிறவிச் செவிட்டுத்தன்மை இராஜபாளையத்திலும் உண்டு. குட்டிகள் ஒன்றாக இருக்கும்போது இதைக் கண்டுபிடிக்க முடியாது. காது கேட்காத குட்டி மற்றவை ஓடினால் தானும் ஓடும். தனியாக வைத்து, அது பார்க்காத பக்கத்திலிருந்து கை தட்டிப் பார்க்க வேண்டும். குட்டியைத் தனியே நிழலில் உட்கார வைத்து, திரும்பிப் பார்க்கட்டும் என்று நாக்கால் சொடுக்குப் போட்டுக் காத்திருக்கிறவர் வேறு யார்? படம் எடுப்பவர்தான். நான்கு தடவை சொடுக்கியும் காது அசையாத குட்டியைக் கண்டால் படத்தை விட்டுவிட்டு அதை வளர்ப்பவரிடம் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்ட நாயைக் கைச் சைகையால் பழக்கி நன்றாகவே வளர்க்கலாம். அடுத்த தலைமுறைக்கு இனம் சேர்க்க மட்டும் கூடாது.

இந்த ஊரில் நாய்ப் படம் எடுக்க வருகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது கம்பிக் கதவுக்குப் பின்னால், சங்கிலியின் முனையில் நின்று குரைக்கும் நாய். கழுத்து இழுபட்டு, முன்கால் அகன்று, கண்ணின் வெள்ளை தெரிய ஒரு படம். ‘வீரம்’ என்று அதைப் பலர் போற்றுகிறார்கள். நான் அதில் வீரத்தைப் பார்க்கவில்லை. இராஜபாளையம் ஒருவரையே தன் ஆளாக ஏற்கும் நாய், அந்நியரை நம்பாது என்பது மெய். ஆனால் நாள் முழுதும் கட்டிக்கிடப்பதால் வரும் வெறுப்பு வேறு. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், வழக்கமாகக் கட்டிவைக்கும் நாய்க்குத் தேவையான நடையும் ஓட்டமும் தராமல் விடுவதைக் கொடுமைகளில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் தோப்புக்குள் திரிந்து வந்த அதே நாயை வளர்ப்பவரின் அருகில் எடுத்த படத்தையும், சங்கிலிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் பொன்னிறக் கண் தெரியும். இரண்டாவதில் பல் மட்டும்தான் தெரியும்.

படங்களால்தான் இந்த நாய்கள் கெடுகின்றன என்று ஒரு மறுப்பு இருக்கிறது. எல்லா மறுப்புகளிலும் வலுவானது அதுவே. தோப்பில் நிற்கும் வெள்ளை நாயின் படத்தைப் பார்த்து இரண்டு அறை அடுக்ககத்தில் இருப்பவர் குட்டி வாங்குகிறார். எட்டு மாதத்தில் அது கதவைப் பிறாண்டி, விருந்தாளியைக் கடித்து, கடைசியில் தெருவுக்கு வருகிறது. தேவை கூடினால் தாய் நாய்க்கு ஓய்வின்றிக் குட்டி எடுப்பவர்களும் வருவார்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இன் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொன்னாலும், கண் திறந்து சில நாளான குட்டியின் படத்தைக் காட்டியே பேரம் முடிவதுண்டு. இதிலெல்லாம் படத்துக்குப் பங்கில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பங்கு வருவது பாதியைக் காட்டிப் பாதியை மறைக்கும் படத்தால். நாய் மட்டும் இருக்கிறது. அது ஓடத் தேவைப்படும் நிலம் இல்லை, அதோடு நடக்கும் ஆள் இல்லை, அந்நியரைக் கண்டதும் விறைக்கும் முதுகு இல்லை. அதே நாயை அதன் முழு இடத்தோடு, மனிதரின் இடுப்புக்கு வரும் உயரம் தெரிய, அதன் ஒரு நாள் வேலையோடு காட்டும் படம் வாங்க நினைப்பவரை இரண்டு தடவை யோசிக்க வைக்கும். வளர்ப்பவர் எடுக்கும் படத்துக்கே அந்த நேர்மை எளிது, விற்பவர் எடுப்பதைவிட.

குழந்தை நாயைக் கட்டிப்பிடிக்கும் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு வீடு இருக்கும் படம் அது. அதில் பெரும்பாலும் குழந்தை சிரிக்கிறது, நாய் முகத்தைத் திருப்பி, காதைப் பின்னுக்குச் சாய்த்து, உதட்டை நக்கிக்கொண்டு, கண்ணோரத்தில் பிறை வடிவில் வெள்ளை தெரிய நிற்கிறது. தூக்கமில்லாத நேரத்துக் கொட்டாவியும் இதே வகை. ‘போதும், விடு’ என்பதற்கு நாயிடம் உள்ள சொற்கள் இவை. கேட்கப்படாவிட்டால் அடுத்த சொல் கடி. எடுத்த படங்களைப் பெரிதாக்கி நாயின் முகத்தை மட்டும் பார்க்கும் பழக்கம் வந்தால் இந்தச் சொற்கள் புரியத் தொடங்கும். கேமரா நமக்கும் நாய்க்கும் நடுவே சுவராகிவிடுகிறது, நாயோடு இருக்க வேண்டிய நேரத்தைத் தின்றுவிடுகிறது என்பவர்களுக்கும் இதுவே என் பதில்: நூறு படம் எடுப்பவருக்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தும், பத்து நிமிடம் எடுத்து, நாய் எழுந்து போனதும் கேமராவை மூடி, மாலையில் நிதானமாக அதன் முகத்தைப் படிப்பவருக்குப் பொருந்தாது.

திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தைக் கடந்து வடக்கே போகும்போது இடப்பக்க மலை முழுவதும் புலிகள் காப்பகம். சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் அமைத்த சரணாலயமும் மேகமலையும் சேர்ந்து 2021-இல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆயின, தமிழ்நாட்டில் ஐந்தாவது. நாயும் கேமராவும் வைத்திருப்பவருக்கு மலையைக் கண்டதும் இரண்டையும் கொண்டு உள்ளே போகலாமா என்று தோன்றும். நாய்க்கு நல்லது படத்துக்கும் நல்லது என்றேன். இங்கே மூன்றாவதாக ஒரு தரப்பு சேர்கிறது. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் ஏறத்தாழ 1,000 சிங்கங்களை, மொத்தத்தில் மூன்றிலொரு பங்கை, கொன்றது நாய்களிடம் காணப்படும் டிஸ்டெம்பர் வைரஸ். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் இறந்தபோதும் அதே வைரஸ் அவற்றில் இருந்தது. நம் மலையில் செந்நாய் இருக்கிறது, அது நாயின் நெருங்கிய உறவு. புலியும் சிறுத்தையும் இருக்கின்றன. நோயே இல்லாத நாயின் வாசமும் குரைப்பும் கூட, குட்டியோடிருக்கும் மானை இடம்பெயரச் செய்யப் போதும். ஆகவே காட்டு விலங்கைப் படம் எடுக்கும் நாளில் நாய் வீட்டில். நாயோடு நடக்கும் நாளில் காட்டுக்கு வெளியே. காட்டோர ஊரில் வளர்ப்பவர், ஆறேழு வாரத்தில் தொடங்கும் கூட்டுத் தடுப்பூசியையும், மூன்று மாதம் முடிந்து போட்டு ஆண்டுதோறும் தொடர வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியையும் தவறவிடாமல் இருந்தால், அதன் பயன் அவர் நாயோடு நிற்காது. மலைக்கும் போய்ச் சேரும்.

‘நாய்க்குப் போய் இத்தனையா’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் பேச்சில் நாய் வசைச்சொல். அதே தமிழ் நிலத்தில், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்றில் இறந்துபட்ட வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்வர் இருவரைக் கடித்து, ஆளைக் காத்து நின்றதாக அந்த நாயைப் பற்றிக் கல்வெட்டு சொல்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும் பதிந்து வைத்திருக்கிறது. பெயர், உருவம், செய்த காரியம் மூன்றையும் சேர்த்துப் பதிந்த அந்தச் சிற்பிக்கு நாயின் படம் எதற்கு என்ற கேள்வியே எழுந்திருக்காது. ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து, கையில் செல்போன் உள்ள ஆட்டுக்காரருக்கும் விவசாயிக்கும் அதே வேலையைச் செய்ய ஒரு நிமிடம் போதும். பணமுள்ளவரின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்க இப்போது காரணமில்லை.

தேனியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தால் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் நெல்லும், பந்தல் பந்தலாகத் திராட்சையும். கோம்பை மலையை ஒட்டி இருக்கிறது. மேலே விளிம்புக்கு அந்தப் பக்கம் கேரளம். கோம்பை நாய் செவலை, முகவாய் கருப்பு, உடம்பு கட்டுமஸ்து, காவலுக்குப் பேர்போனது. எது அசல் கோம்பை என்பதில் வளர்ப்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் இராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் அளந்து இனப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் நூல் எழுதியிருக்கிறார். ஆனாலும் எழுத்தில் உள்ள தகவல் மொத்தமும் சிறிதுதான். தாத்தா வைத்திருந்த நாய் எப்படி இருந்தது என்பது வாய்வழிச் செய்தி. ஒவ்வொரு வீட்டிலும் நாயின் பக்கவாட்டுப் படம், தாய் தந்தை நாய்களின் படம், பிறந்த தேதி, ஊர் என்று நான்கு விவரம் சேர்த்து வைத்தால் இருபது ஆண்டில் அதுவே இந்த இனத்தின் வரலாறாகிவிடும். பரிசு வாங்கும் படங்களை இதற்குத் தேட வேண்டாம். களத்து மேட்டில், கயிற்றுக் கட்டிலுக்கருகில், முதல் வெயிலில் எடுத்த படம் போதும்.

மேற்கே மலை நிற்பதால் கோம்பையில் மற்ற ஊர்களைவிட முன்னதாகவே பொழுது மறைகிறது. வானம் வெளுப்பாக இருக்கும்போதே தெருவில் நிழல் இறங்கிவிடும். பகலெல்லாம் திண்ணையடியில் படுத்துக்கிடந்த நாய் அப்போதுதான் எழுந்து, முன்காலை நீட்டி உடம்பை முறித்து, வாசலுக்கு வந்து நிற்கிறது. அதன் வேலை நேரம் தொடங்குகிறது. இப்போது ஃபிளாஷைப் போட்டால் விழித்திரைக்குப் பின்னாலுள்ள படலம் ஒளியைத் திருப்பி அடித்து, படத்தில் கண் இரண்டும் பச்சையாக எரியும். நாய்க்கோ சற்று நேரம் இருட்டில் ஒன்றும் தெரியாது. கேமராவைப் பையில் வைத்துவிட்டுத் தெருவின் அந்தப் பக்கமாக நடந்தால், அது தலையை மட்டும் திருப்பி, தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நிற்கும்.